ஸ்டெப்னி இல்லாத கார்: நடுராத்திரியில் டயர் கிழிந்தால் என்ன செய்வது? குறைந்த செலவில் மாற்று டயர் வாங்குவது எப்படி?

புதுச்சேரி - கடலூர் சாலையில், கிருமாம்பாக்கத்தை அடுத்த பிள்ளையார்குப்பம். ராத்திரி 11 மணி. அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கும் அப்பாவைப் பார்க்க, பாகூர் பக்கத்து கிராமத்தில் இருந்து ஒரு குடும்பம் புது காரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடைந்த சாலை ஓரத்தில் ஏறி இறங்கியதும் 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிசல்.

டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஜாக்கியும் இல்லை. ஒரு சின்ன கம்ப்ரஸரும், பசை அடைத்த ஒரு பாட்டிலும் மட்டும் இருக்கின்றன. "புது கார்தானே, ஸ்டெப்னி எங்கே போச்சு?" என்ற கேள்வி பலருக்கு அந்த நேரத்தில்தான் வருகிறது.

ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்பது சட்டப்படி சரியா? கூடவே வரும் பஞ்சர் கிட் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்குவதென்றால் எவ்வளவு ஆகும், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாமா?

விற்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, 3.5 டன் வரை எடையுள்ள பயணிகள் கார்களில் டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணித்து ஓட்டுநருக்குச் சொல்லும் டிபிஎம்எஸ் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. சர்வதேச நடைமுறைக்கு ஏற்ப இந்த மாற்றம் செய்யப்படுவதாகவும், மின்சார கார்களில் பேட்டரி வைக்கக் கூடுதல் இடம் கிடைக்கும் என்றும் அப்போது காரணம் சொல்லப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்னி 'கட்டாயம் இல்லை' என்றுதான் விதி சொல்கிறது. 'வைத்திருக்கக் கூடாது' என்று சொல்லவில்லை. சொந்தச் செலவில் ஒரு சக்கரம் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எந்தெந்த கார்களில் ஸ்டெப்னி வருவதில்லை?

டாடா டியாகோ இவி, எம்ஜி காமெட் இவி, மஹிந்திரா பிஇ 6 போன்ற மின்சார கார்கள் ஸ்டெப்னிக்குப் பதிலாக பஞ்சர் கிட்டுடன் வருகின்றன. பெட்ரோல், ஹைபிரிட் வகைகளிலும் சில மாடல்களில் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஏன் எடுத்துவிடுகிறார்கள்? ஒரு முழு சக்கரம் 12 முதல் 15 கிலோ வரை எடை இருக்கும். அதைக் குறைத்தால் மைலேஜும் ரேஞ்சும் கொஞ்சம் கூடும். மின்சார காரில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தை பேட்டரி பிடித்துக்கொள்கிறது. சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் என்று கம்பெனிக்குச் செலவும் மிச்சம்.

நகரத்தில் ஓட்டுபவருக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை உண்டு, போன் செய்தால் ஆள் வருவார். கிராமத்துச் சாலையில், அதுவும் ராத்திரியில், கணக்கு மாறிவிடுகிறது.

பஞ்சர் கிட் எதைச் சரி செய்யும், எதைச் செய்யாது?

டயர் தரையில் படும் பகுதியில் ஆணியோ முள்ளோ குத்தினால் கிட் வேலை செய்யும். பாட்டிலில் உள்ள திரவம் கம்ப்ரஸர் வழியாக டயருக்குள் போய், ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும். பெரும்பாலான கிட்கள் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான். அடைத்த பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நேராக பஞ்சர் கடைக்குப் போக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் கிழிசல் விழுந்தால் கிட் உதவாது. பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்துவிட்டாலோ, டயர் வெடித்துவிட்டாலோ அதே கதைதான். பக்கவாட்டுக் கிழிசலை பஞ்சர் கடையில்கூட ஒட்டித் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஓடும்போது அந்தப் பகுதி மடங்கி நிமிர்ந்துகொண்டே இருப்பதால் ஒட்டு நிற்காது.

பாட்டிலுக்குக் காலாவதி தேதியும் உண்டு. ஒரு தடவை பயன்படுத்தினால் புது பாட்டில் வாங்க வேண்டும். உள்ளே கொட்டிய பசையைக் கழுவாமல் கடைக்காரரால் பஞ்சர் ஒட்டவும் முடியாது.

இதனால் விவரம் தெரிந்தவர்கள் பசையைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆணி குத்தி மெதுவாகக் காற்று இறங்கினால், ஆணியைப் பிடுங்காமல், அதே கம்ப்ரஸரில் வெறும் காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்ட்ரிப் பஞ்சர் செட் ஒன்றை வாங்கி, ஒட்டக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

பாகூர், வில்லியனூர் பகுதிகளில் ஏன் இது கூடுதல் தலைவலி?

புதுச்சேரி நகரத்தை விட்டு வெளியே வந்தால் நெல், கரும்பு வயல்களுக்கு நடுவே போகும் குறுகிய சாலைகள். எதிரே டிராக்டரோ பஸ்ஸோ வந்தால் காரை ஓரம் கட்டியே ஆக வேண்டும். தார் முடியும் விளிம்பில் சக்கரம் இறங்கி ஏறும்போதுதான் பக்கவாட்டில் வெட்டு விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாது. அதாவது, கிட்டால் சரி செய்ய முடியாத வகைச் சேதம்தான் இந்தச் சாலைகளில் அதிகம் பயமுறுத்துகிறது.

கார் மின்சார வகை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண காரைப் போலக் கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது. மோட்டாருடன் இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும், அது பழுதுக்கு வழி வகுக்கும். காரை முழுவதுமாகத் தூக்கி ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும். அது வந்து சேரும் வரை குடும்பத்தோடு இருட்டில் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, எம்ஆர்எஃப் நிறுவனத்தின் டயர் ஆலை இதே வட்டாரத்தில்தான், நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது. டயர் தயாராகும் மண்ணிலேயே ஒரு மாற்று டயருக்கு அலைய வேண்டியிருக்கிறது.

'ஸ்டெப்னி' என்ற பெயர் எப்படி வந்தது?

கார்கள் வந்த புதிதிலும் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்ற ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்று நிரப்பிய டயர் மாட்டிய ஒரு தனி வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து ஓட்டிப் போகலாம்.

அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அதுவே பொருளின் பெயரானது. அந்தச் சொல் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்றைக்கும் புழங்குகிறது. ஸ்டெப்னி இல்லாத காருக்கு வெளியில் இருந்து ஒரு சக்கரம் வாங்கும் நிலை, 120 வருஷத்துக்குப் பிறகு மறுபடி திரும்பியிருக்கிறது.

சரி, குறைந்த செலவில் ஸ்டெப்னி வாங்க என்ன வழி?

வழி 1: புது ஸ்டீல் ரிம், புது டயர்

காரில் அலாய் வீல் இருந்தாலும் ஸ்டெப்னிக்கு அலாய் தேவையில்லை. அதே அளவில் ஸ்டீல் ரிம் போதும். சிறிய கார்களுக்கான 14 அங்குல ஸ்டீல் ரிம் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய், புது டயர் பிராண்டைப் பொறுத்து சுமார் 4,000 ரூபாயில் இருந்து கிடைக்கிறது. ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்த்தாலும் 10,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கலாம். 17, 18 அங்குல சக்கரங்கள் கொண்ட பெரிய கார்களுக்குச் செலவு இதைவிடப் பல மடங்கு போகும்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 4,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 5,120 ரூபாய்க்கு வந்தது. இப்போது 4,720 ரூபாய்தான் ஆக வேண்டும். கடையில் பில் கேட்டு வாங்கினால் இது சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

வழி 2: மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த சக்கரம்

புது கார் வாங்கியதுமே ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் மாட்டுபவர்கள் நிறைய பேர் உண்டு. கழற்றிய ரிம்மும், சில நேரம் அதிகம் ஓடாத டயரும், அந்தந்த டயர் கடைகளிலேயே தங்கிவிடும். அதே மாடலின் பெட்ரோல் வகையில் இருந்து கழற்றியது கிடைத்தால் பொருந்த வாய்ப்பு அதிகம், விலையும் குறைவு. பெரிய டயர் கடைகளில் போன் நம்பர் கொடுத்து, "இந்த சைஸ் வந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைப்பது பலன் தரும்.

வழி 3: பழைய உதிரி பாகச் சந்தை

பழைய கார் பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் ரிம்கள் தாராளமாகக் கிடைக்கும். இங்கே ரிம்மை மட்டும் வாங்கிக்கொண்டு, டயரைப் புதிதாகப் போடுவது பாதுகாப்பானது. ரிம்மைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் ஆட்டம் தெரியும். வெல்டிங் வைத்த அடையாளமோ துரு தின்ற இடமோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வழி 4: இரண்டு வீட்டுக்கு ஒரு ஸ்டெப்னி

தினமும் 10, 20 கிலோமீட்டருக்குள் ஓடும் கார் என்றால் சக்கரத்தை எப்போதும் டிக்கியில் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் யாரையாவது எடுத்து வரச் சொல்லலாம். ஒரே மாடல், ஒரே டயர் அளவுள்ள கார் வைத்திருக்கும் அண்ணன் தம்பியோ, அக்கம்பக்கத்து வீட்டாரோ சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு பாதி. வெளியூர் போகிறவர் அதை எடுத்துப் போகலாம்.

வாங்கும் முன் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

"பார்த்தா ஒரே மாதிரிதானே இருக்கு" என்று வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்.

முதலாவது, போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். கடைக்காரர்கள் இதை பிசிடி என்பார்கள். நான்கு ஓட்டை 100 மில்லிமீட்டர் என்றால் அது அப்படியே இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட' என்பது இங்கே செல்லாது.

இரண்டாவது, ரிம்மின் நடு ஓட்டை. காரின் ஹப்பைவிடச் சின்னதாக இருந்தால் சக்கரம் மாட்டவே மாட்டாது.

மூன்றாவது, ஆஃப்செட். சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்பதைக் காட்டும் அளவு இது. தவறினால் டயர் சஸ்பென்ஷனில் உரசும், அல்லது ரிம் பிரேக் காலிப்பரில் இடிக்கும்.

நான்காவது, டயரின் மொத்த உயரம். உதாரணத்துக்கு 175/65 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். 155/80 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே அகலமும் ரிம்மும் சின்னதாக இருந்தாலும், அவசரத்துக்குக் கொஞ்ச தூரம் ஓட்ட இந்த உயரம் ஒத்துப்போகும். ஆனால் சின்ன ரிம் பிரேக்கின் மேல் உட்காருமா என்பதையும், டயரின் சுமை தாங்கும் எண் காருக்குப் போதுமா என்பதையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

உயரம் வித்தியாசப்படும் ஸ்டெப்னியை, மோட்டார் இழுக்காத பக்கத்துச் சக்கரத்தில் மாட்டுவது நல்லது. டியாகோ இவி-யில் மோட்டார் முன் சக்கரங்களை இழுக்கிறது. காமெட், பிஇ 6 கார்களில் பின் சக்கரங்களை இயக்குகிறது.

இதற்கெல்லாம் எளிய சோதனை ஒன்றுதான். பணம் கொடுக்கும் முன், கடை வாசலிலேயே முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை சக்கரத்தை மாட்டி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அலாய்க்கான நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாகப் பதியாமல் போகலாம் என்பதால் அதையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

பழைய டயர் வாங்கலாமா?

ஸ்டெப்னிக்குத்தானே என்று பழைய டயர் வாங்குபவர்கள் அதிகம். தப்பில்லை, ஆனால் மூன்றைப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்துபோகும். பக்கவாட்டில் நரம்பு நரம்பாக வெடிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

அடுத்து பட்டன். கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பள்ளங்களுக்கு நடுவே தெரியும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கடைசியாக, ஐஎஸ்ஐ முத்திரை. இந்தியாவில் விற்கும் கார் டயர்களுக்கு இது கட்டாயம்.

ஜாக்கி இல்லாமல் ஸ்டெப்னி எதற்கு?

பலர் மறக்கும் இடம் இது. ஸ்டெப்னி இல்லாத காரில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வராமல் இருக்கலாம். அவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மின்சார காரில் ஜாக்கி வைக்கும் இடம் ரொம்ப முக்கியம். அடியில் இருப்பது பேட்டரி. கையேட்டில் காட்டியிருக்கும் புள்ளிகளைத் தவிர வேறு எங்கு முட்டுக் கொடுத்தாலும் பேட்டரி உறை சேதமாகலாம். சக்கரத்தைவிட அது பல மடங்கு பெரிய செலவு.

டிக்கியில் சக்கரத்தைச் சும்மா போட்டுவைக்கவும் கூடாது. திடீர் பிரேக்கில் 15 கிலோ சக்கரம் முன்னால் பாய்ந்தால் பின் சீட்டில் இருப்பவருக்கு ஆபத்து. பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

மாட்டிய பிறகு டிபிஎம்எஸ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பதற வேண்டாம். ஸ்டெப்னியில் சென்சார் இல்லை என்பதால் அப்படிக் காட்டும். சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. மாதம் ஒரு தடவை ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க வேண்டும். காற்று இல்லாத ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கணக்குதான்.

இன்சூரன்ஸ் கைகொடுக்காதா?

வழக்கமான முழுக் காப்பீட்டில், டயர் மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால்தான் டயருக்கும் கிடைக்கும், அதுவும் மாற்றும் செலவில் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் எந்தக் காப்பீடும் பணத்தைத்தான் திருப்பித் தரும், ராத்திரி 11 மணிக்கு டயரைக் கொண்டுவந்து மாட்டாது. சாலையோர உதவித் திட்டத்தில் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், நம் கிராமத்துக்கு வருவார்களா, பிளாட்பெட் வண்டிக்குத் தனிக் கட்டணமா என்பதை இப்போதே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கார் புக் செய்யும்போதே என்ன கேட்க வேண்டும்?

எந்த வேரியன்ட்டில் ஸ்டெப்னி உண்டு, எதில் இல்லை? இல்லையென்றால் ஆக்சஸரியாகத் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? ஜாக்கியும் ஸ்பேனரும் வருமா? ரிம்மின் பிசிடி, ஆஃப்செட் எவ்வளவு? டெலிவரிக்கு முன்பே இதைக் கேட்டால் மிதிவிரிப்பு, சீட் கவர் என்று இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பொருட்களுக்குப் பதிலாக ஒரு ஸ்டீல் சக்கரத்தைக் கேட்டுப் பேரம் பேசலாம். பணம் கட்டி முடித்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு கம்ப்ரஸரும் ஸ்ட்ரிப் செட்டும் பெரும்பாலும் போதும். பிள்ளையார்குப்பம், பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் சாலைகளில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும் காருக்கு அது போதாது. விதி ஸ்டெப்னியை விருப்பப் பொருளாக மாற்றியிருக்கலாம். மருத்துவமனைக்கு விரையும் நேரத்தில் ஒரு டயர் கிழிந்தால், அதைக் கழற்றி மாட்ட 20 நிமிஷமா, வண்டி வரும் வரை விடிய விடியக் காத்திருப்பதா என்பதை, முன்கூட்டியே செலவழிக்கும் அந்தச் சில ஆயிரம் ரூபாய்தான் முடிவு செய்யும்.